இரவு ஜெபத்தில் என் பெயர் வருவதில்லை

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. இருவரும் வேலைக்குப் போகிறோம். இப்படி ஒரு துணை வேண்டும் என்று பல நாள் ஜெபித்துப் பெற்ற கணவர் இவர். தொடக்கத்தில் அவர் செய்த சின்ன உதவிக்குக்கூட மனம் நெகிழ்ந்துபோவேன். இப்போது அவர் செய்யாமல் விட்டதுதான் முதலில் கண்ணில் படுகிறது. தினமும் இரவு குடும்ப ஜெபத்தில் ஜீவன், சுகம், வேலை, வீடு என்று வரிசையாக ஸ்தோத்திரம் சொல்கிறார். அந்த வரிசையில் என் பெயர் வருவதில்லை. நான் செய்கிற எதற்கும் 'தேங்க்ஸ்' என்று ஒரு வார்த்தையும் கிடையாது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு வசனமே இருக்கு. உனக்கு எப்பவும் குறைதான்" என்றார். அன்றிலிருந்து குற்ற உணர்ச்சி. நன்றி எழுத ஒரு நோட்டு வாங்கினேன். சில நாளிலேயே ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வந்தன, நிறுத்திவிட்டேன். தோழிகளின் கணவர்களோடு ஒப்பிட்டால் நான் கொடுத்துவைத்தவள்தான். இருந்தும் ஏன் இப்படி? நான் நன்றிகெட்டவளா? நடிக்காமல் நன்றியோடு வாழ்வது எப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. முதல் மாதங்களின் நெகிழ்ச்சி போய்விட்டது, அது இயல்பு. கணவர் வாய் திறந்து நன்றி சொல்வதில்லை. அதைப் பேசித் தீர்க்கலாம். நீங்கள் மனம் திறந்தபோது ஒரு வசனத்தால் உங்கள் வாயை அடைத்தார், அது தவறு. மூன்றையும் சேர்த்துக் கட்டி 'நான் நன்றிகெட்டவள்' என்று உங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு பாரம்.

நெகிழ்ச்சி போனதிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. திருமணத்தை ஒட்டி மனநிறைவு உயர்கிறது. பிறகு சராசரியாகப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது என்று அது கண்டது. இது சராசரிதான். உயர்ந்தது உயர்ந்தபடியே நின்றவர்களும் அதில் உண்டு, இறங்கியவர்களும் உண்டு. ஆனால் பழகிப்போவது மனித மனத்தின் சுபாவம் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

வேதாகமம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் தேவன் உணவாகத் தந்த மன்னா முதன்முதலாக விழுந்த காலையில் இஸ்ரவேலர் ஒருவரையொருவர் பார்த்து "இது என்ன?" என்று வியக்கிறார்கள். எண்ணாகமம் 11-இல் அதே ஜனங்கள், "இந்த மன்னாவைத் தவிர, நம்முடைய கண்களுக்கு முன்பாக வேறொன்றும் இல்லையே" என்று அழுகிறார்கள். இரண்டு இடங்களிலும் உள்ள தேதிகளை வைத்துப் பாருங்கள், இடையில் ஏறக்குறைய ஒரு வருடம்தான். மன்னா மாறவில்லை, ஓய்வுநாளைத் தவிர ஒருநாளும் தவறவும் இல்லை. தவறாமல் வந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை. தினமும் வருவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். உங்கள் எட்டு மாதம் இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

உபாகமம் 8-ஆம் அதிகாரம் கர்த்தரை மறந்துவிடாதே என்று எச்சரிக்கும் இடத்தையும் பாருங்கள். பசியில் மறப்பாய் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியேறிய பிறகு மறப்பாய் என்கிறது. கேட்டது கிடைத்தபின்தான் மறதி வருகிறது. ஆகவே, ஜெபித்துப் பெற்ற கணவர் சாதாரணமாகத் தெரிகிறாரே என்று உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க வேண்டாம். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103-ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவிடமே சொல்லிக்கொள்கிறான். தானாக நினைவில் நிற்கிற காரியமாக இருந்திருந்தால் அப்படிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அடுத்தது, 'நான் செய்வது அவர் கண்ணில் படவில்லை' என்ற வருத்தம். இதைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்: உங்கள் கணவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் அதிலும் இந்த வரி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள், வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான பொறுப்புகளில் இருவரின் பதிலையும் கூட்டினால் முழுமைக்கு மேல் போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு உடம்பு வலியோடு ஞாபகம் இருக்கிறது. மற்றவர் செய்தபோது நாம் பெரும்பாலும் அந்த அறையிலேயே இல்லை.

அதற்காக உங்கள் வருத்தம் வெறும் கற்பனை என்று சொல்லவில்லை. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் சமையலும் துவைப்பதும் ஒருவர் தலையிலேயே விழுந்தால், அங்கே தேவைப்படுவது ஸ்தோத்திரம் அல்ல, வேலைப் பங்கீடு. ஒரு விடுமுறை நாளில் இருவரும் உட்கார்ந்து எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். நியாயமில்லாத சுமையை நன்றியுணர்வு என்ற பெயரில் சுமந்துகொண்டே இருந்தால் அது சில வருடங்களில் கசப்பாக மாறும்.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். உங்களை மிகவும் காயப்படுத்தியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ உங்கள் கணவர் சரியாகத்தான் சொன்னார். அதே அதிகாரத்தில் நான்கு வசனம் முன்னால் பவுல் என்ன எழுதியிருக்கிறார்? "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." ஸ்தோத்திரம் செய்யச் சொன்னவர், சோர்ந்திருப்பவரைத் தேற்றச் சொன்ன பிறகுதான் அதைச் சொல்கிறார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

அன்னாளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையில்லாத துக்கத்தில் அவள் சாப்பிடாமல் அழும்போது கணவன் எல்க்கானா, "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்கிறான். கெட்ட கணவன் இல்லை அவன். அவளுக்கு இரட்டிப்பான பங்கு கொடுத்தவன், அவளைச் சிநேகித்தவன். ஆனாலும் அவன் கேட்டதன் உட்பொருள் என்ன? 'இருப்பதற்கு நன்றியாக இரு, அழாதே.' அன்னாள் அவனோடு வாதாடவில்லை. எழுந்துபோய் கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றினாள். நன்றியில்லாதவள் என்று தேவன் அவளைக் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. அவளுடைய ஸ்தோத்திரப் பாட்டு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. அழுகையைத் தாண்டிக் குதித்து அவள் அங்கே போய்விடவில்லை. 13-ஆம் சங்கீதத்தையும் படியுங்கள். ஆறே வசனம்தான். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. முறையீடும் நன்றியும் ஒரே ஜெபத்துக்குள் இருக்கின்றன.

ஆகவே உங்கள் கணவரிடம் வருத்தத்தைச் சொன்னது நன்றிகெட்டதனம் இல்லை. (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீட்டில் அடி உதையோ மிரட்டலோ இருந்தால், 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம்' என்று அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமானவர்களிடம் சொல்லுங்கள். இந்தப் பதில் அந்த நிலைமைக்கானது அல்ல.)

உங்கள் கணவரின் நீண்ட ஸ்தோத்திர வரிசையில் உங்கள் பெயர் இல்லாததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எபேசியர் 5-ஆம் அதிகாரம் திருமண ஆராதனைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவது. பெரும்பாலும் 22-ஆம் வசனத்திலிருந்து, "மனைவிகளே" என்று தொடங்கிவிடுவார்கள். இரண்டு வசனம் மேலே போனால் 20-இல், எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும் பிதாவாகிய தேவனை ஸ்தோத்திரிப்பது பற்றி இருக்கிறது. 21-இல் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவது. அடுத்த அடி நேராகக் கணவன் மனைவி. கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்திலும் இதே வரிசைதான்: 15-இலும் 17-இலும் நன்றியறிதல், 18-இல் வீடு. இரண்டு கடிதங்களிலும் பவுல் ஸ்தோத்திரத்தைச் சொல்லி முடித்த கையோடு வீட்டுக்குள்தான் நுழைகிறார். தேவனுக்குச் சொல்லும் நன்றி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தொடாமல் தாண்டிப் போக முடியாது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

ஆதாமைப் பாருங்கள். வேதத்தில் பதிவான அவனுடைய முதல் பேச்சே மனைவியைப் பற்றிய வியப்பு: "இவள் என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமுமாய் இருக்கிறாள்." ஓர் அதிகாரம் தள்ளி அவனே, "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" என்று ஆரம்பித்துப் பழியை அவள்மேல் போடுகிறான். 'தேவரீர் தந்த' என்பதையும் விடவில்லை. கொடுத்தவருக்கும் சேர்த்தே குத்து. அவள் தேவன் தந்த ஈவு என்பது அவனுக்கு அப்போதும் மறக்கவில்லை. அந்த ஈவையே புகாராக்கிவிட்டான். திருமணமான எல்லோரும், நீங்களும்கூட, இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நடமாடுகிறோம்.

சரி, தினசரி என்ன செய்வது?

உங்கள் நோட்டு நின்றுபோனதற்குக் காரணம் நீங்கள் அல்ல, அதில் எழுதிய விதம். 'சுகம், வேலை, வீடு, கணவர்' என்று எழுதினால் நாளைக்கும் அதேதான் வரும். உங்கள் கணவரின் ஸ்தோத்திர வரிசைக்கும் இதே நோய்தான் என்று கவனித்தீர்களா? இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை முறையில், பாவங்களைத் தேடுவதற்கு முன் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான். அதன் பின் அன்றைய நாளை நேரம் நேரமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தலை நன்றிக்கும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். நேற்று எழுதியிருக்க முடியாத ஒன்றை மட்டும் இன்று எழுதுங்கள். 'கணவருக்காக ஸ்தோத்திரம்' வேண்டாம். 'காலையில் எனக்குத் தலைவலி என்று தெரிந்ததும் நான் கேட்காமலே தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்' என்று எழுதுங்கள். ஒன்று போதும். சில நாள் ஒன்றும் கிடைக்காது. அன்று காலியாக விடுங்கள். தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவினர் வாரத்துக்கு ஒருமுறைதான் நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டார்கள், பத்து வாரம். எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தார்கள்.

எழுதியதை நோட்டிலேயே பூட்டி வைக்காதீர்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, உங்களை நினைக்கிறபொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். இதை அவர் தனி ஜெபத்தில் தேவனிடம் மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அவர்களுக்கே எழுதி அனுப்புகிறார், அதுவும் கட்டுண்டிருந்த நிலையில். கடைசி அதிகாரத்தில் அவர்கள் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பியது கிடைத்தது என்று பெயரோடு குறிப்பிடுகிறார். தேவனுக்கு ஸ்தோத்திரம், மனிதருக்குத் தகவல். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் குடும்ப ஜெபத்தில் நீங்கள் தேடுவது. அதை நீங்களே ஆரம்பியுங்கள். இரவு ஜெபத்தில் உங்கள் முறை வரும்போது, "ஆண்டவரே, இன்று காலை என் தலைவலியை இவர் புரிந்துகொண்டாரே, அதற்காக ஸ்தோத்திரம்" என்று அவர் காதில் விழச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "ஆண்டவரே, என் கணவருக்கு நன்றியுள்ள இருதயத்தைத் தாரும்" என்று அவர் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாக ஜெபிக்காதீர்கள். அது கண்ணை மூடிக்கொண்டு போடும் சண்டை. கர்த்தருக்குச் சொல்வதுபோல் கணவருக்குக் குத்திக்காட்டும் ஜெபங்களை ஆலோசனைக்கு வருபவர்கள் வாயால் நிறையக் கேட்டிருக்கிறேன். இதில் ஆண்களும் சளைத்தவர்கள் அல்ல.

தோழிகளின் கணவர்களோடு ஒப்பிட்டு 'நான் கொடுத்துவைத்தவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் போகாதீர்கள். லூக்கா 18-இல் பரிசேயனின் ஜெபமும் ஸ்தோத்திர ஜெபம்தான். மற்ற மனுஷரைப்போல் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். அடுத்தவரின் குறையில் நிற்கும் நன்றி, அதைவிட நல்ல கணவர் ஒருவரைப் பார்த்த அன்றே பொறாமையாகிவிடும். உங்கள் கணவரை அவர் செய்தவற்றை வைத்து மட்டும் பாருங்கள், யாரைவிட மேல் என்று அல்ல.

அவர் ஏன் 'தேங்க்ஸ்' சொல்வதில்லை? எனக்கு அவரைத் தெரியாது, எனவே ஊகமாகத்தான் சொல்ல முடியும். பல வீடுகளில் 'நமக்குள்ள எதுக்கு தேங்க்ஸ்?' என்பதுதான் வளர்ப்பு. அங்கே வளர்ந்தவருக்கு வீட்டாரிடம் நன்றி சொல்வது அந்நியரிடம் பேசுவதுபோல் இருக்கும். அந்த வார்த்தையே வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் தினமும் கடனுக்குச் சொல்வார், உங்களுக்கும் அது ருசிக்காது. கவனித்ததைச் சொல்லக் கேளுங்கள். 'நீ துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டியா, நான் பார்த்தேன்' என்பது போதும். பார்த்தேன் என்பதுதான் அங்கே நன்றி.

இதை ஜெப நேரத்தில் பேசாதீர்கள், களைத்து வந்த மாலையிலும் வேண்டாம். இருவரும் ஓய்வாக இருக்கும் ஒரு பகல் பொழுதில், "நீங்க ஒருநாளும் சொன்னதில்ல" என்று ஆரம்பிக்காமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அன்னிக்கு வசனத்தைச் சொன்னப்போ என்னைப் பேசவிடலைன்னு வருத்தமா இருந்துச்சு. வாரத்துல ஒருநாள் ஜெபத்துல, நான் உங்ககிட்ட பார்த்த ஒண்ணை நானும், என்கிட்ட பார்த்த ஒண்ணை நீங்களும் சொல்லலாமா?" காரணம் கேட்டால் உபாகமம் 24:5-ஐக் காட்டலாம். புதிதாக மணமானவன் யுத்தத்துக்குப் போக வேண்டாம், வேறு வேலையும் அவன்மேல் சுமத்த வேண்டாம், ஒரு வருடம் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்கிறது அந்தக் கட்டளை. படைக்கு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று நியாயப்பிரமாணம் ஒதுக்கிவைத்த வருடம் இது. உங்களுக்கு அதில் இன்னும் நான்கு மாதம் மீதியிருக்கிறது.

அவர் சிரித்துத் தட்டிக்கழித்தால்? உங்கள் பங்கை ஒரு மாதம் செய்துகொண்டே இருங்கள், பதிலுக்கு எத்தனை வந்தது என்று எண்ணாமல். பிறகு மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், இருவரும் மதிக்கிற மூத்த தம்பதி ஒருவரையோ உங்கள் போதகரையோ சேர்ந்து சந்தியுங்கள். அவரைப் பற்றிப் புகார் கொடுக்க நீங்கள் மட்டும் தனியாகப் போவதைக் கூடியவரை தவிர்க்கலாம்.

இந்தப் பதிலை அவரிடம் காட்டலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். காட்டுங்கள். ஆனால் எல்க்கானாவைப் பற்றிய இடத்தை விரல் வைத்துக் காட்டாதீர்கள். வீட்டு வேலையில் அவரவர் பங்கைக் கூட்டினால் முழுமைக்கு மேல் போகிறது என்ற இடத்திலிருந்து, முடிந்தால் இருவரும் சேர்ந்தே, படிக்கத் தொடங்குங்கள்.